புருவ முடியும் பலகைத் தரையும்

பல்குத்தும் குச்சியின் நுனியில் என் புருவ முடி ஒன்றை ஒட்டி, அதனால் ஒரு புழுவைத் தடவிக்கொண்டிருந்தபோதுதான் அந்த எண்ணம் எனக்கு வந்தது.

தொண்ணூறுகள் முடியப் போகின்றன. பல்கலைக்கழகத்தில் எனக்கு இறுதி ஆண்டு. உயிரியல் படிக்கிறவர்கள் ஆளுக்கொரு ஆய்வு செய்து அறிக்கை எழுத வேண்டும். எனக்குக் கிடைத்தது புழு. மண்ணில் வாழ்வது, ஒரு மில்லிமீட்டர் நீளம், நுண்நோக்கியில் பார்த்தால் உடம்புக்குள் இருப்பதெல்லாம் கண்ணாடிபோல் தெரியும். அதைத் தொட்டுப் பார்க்கக் கம்பி முரடு. புருவ முடிதான் பதம் என்று உலகம் முழுக்க இந்தப் புழுவோடு மல்லுக்கட்டுகிறவர்கள் கண்டு வைத்திருக்கிறார்கள். முடி அடிக்கடி ஒடிந்துவிடும். நான் அடிக்கடி பிடுங்கினேன். பக்கத்து மேசைத் தோழி என் முகத்தைப் பார்த்துவிட்டு, “இப்படியே போனா பட்டமளிப்புக்குப் பென்சில்லதான் புருவம் வரையணும் லா” என்றாள்.

முதல் தட்டில் இருந்தவை சாதாரணப் புழுக்கள். தலைக்குப் பின்னால் முடியால் தடவினால் பின்னோக்கி நகரும். வால் பக்கம் தடவினால் முன்னோக்கி ஓடும். இரண்டாவது தட்டில் இருந்தவற்றில் ஒரே ஒரு மரபணு பழுது. தடவினேன். நகரவில்லை. மறுபடியும் தடவினேன். தன் பாட்டுக்கு இரை தின்றுகொண்டிருந்தது. செத்துப்போன புழு அல்ல, தின்றது, முட்டையிட்டது. தொடுவது மட்டும் அதற்குப் போய்ச் சேரவில்லை. தொடுதலை உணரும் நரம்புச் செல்கள் அதன் உடம்பில் ஒழுங்காக உருவாகவே இல்லை.

அந்த மரபணுவை நான் மண்டோர் என்று சொல்லிக்கொள்வேன். ரப்பர் தோட்டத்தில் மண்டோர் காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, நீ பால் வெட்டுக்குப் போ, நீ களைக்கொல்லி அடி என்று பிரித்து அனுப்புவாரே, அதே வேலை. தானாக எதையும் உணராது. வளர்ந்துவரும் செல்களைப் பார்த்து, நீ உணர்வு நரம்பாகு என்று சொல்லும். மண்டோர் வராத நாளில் ஆட்கள் சும்மா நிற்பதுபோல் அந்தச் செல்கள் ஏதும் ஆகாமல் நின்றுவிடும்.

அன்று காலையில்தான் நூலகத்தில் ஒரு கட்டுரையை நகலெடுத்திருந்தேன். நுண்நோக்கியின் பக்கத்தில் மடித்து வைத்திருந்தேன். புழுவில் இருக்கும் இந்த மண்டோருக்குப் பழ ஈயில் ஒரு உறவுக்காரர் இருக்கிறார். அங்கே மணத்தை உணரும் நரம்புகளைப் பார்த்துக்கொள்கிறார். எலியிலும் மனிதரிலும் மூன்று பேர். கண், தோல், காது என்று அவர்கள் வேலை பிரிந்திருக்கிறது. புழுவும் ஈயும் மனிதனும் ஒரே மூதாதையிடமிருந்து பிரிந்து எத்தனை கோடி ஆண்டுகளோ ஆகிவிட்டன. உடம்பின் வடிவம், வாழும் இடம், எல்லாம் மாறிவிட்டது. இந்த மண்டோர் குடும்பம் மட்டும் அதே தொழிலில் இருக்கிறது. கட்டுரையின் கடைசிப் பகுதியில் வேறொரு நாட்டுக் குடும்பம் வந்தது. காதுக்கான மண்டோர் மட்டும் அவர்களில் பலருக்குப் பழுது. பிறக்கும்போது காது நன்றாகக் கேட்கும். இருபதிலும் முப்பதிலும் கொஞ்சம் கொஞ்சமாக மங்கும்.

குச்சி என் கையிலேயே நின்றுவிட்டது.

எங்கள் வீட்டில் அப்பாவைக் கூப்பிட வேண்டுமானால் தரையை இரண்டு முறை மிதிப்போம்.

சூலியா தெருவிலிருந்து பிரியும் சந்தில், ஒரு நாசி கண்டார் சோற்றுக் கடையின் மாடியில் வாடகைக்கு இருக்கிறோம். பலகைத் தரை. குதிகாலால் இரண்டு முறை மிதித்தால், தெருப்பக்கச் சன்னலோரம் நாற்காலியில் இருக்கும் அப்பாவின் உள்ளங்காலுக்கு அது போய்ச் சேரும். உடனே திரும்பிப் பார்ப்பார். பிறகு எங்கள் உதட்டைப் பார்த்துப் பேச்சைப் புரிந்துகொள்வார். கீழே இருக்கும் கடைக்காரர் அம்மாவைப் படிக்கட்டில் பார்க்கும்போதெல்லாம், “அக்கா, மேல குதிரை வளக்கிறீங்களா? என் மீன் குழம்புல பலகைத் தூசி விழுது” என்பார். அம்மாவும் சளைக்காமல், “அதனாலதானே உங்க குழம்புக்குக் கூட்டம் வருது” என்பார்.

அதாவது அப்பாவின் தோல் மண்டோர் ஒழுங்காக வேலை செய்திருக்கிறார். கண் மண்டோரும்தான். காது மண்டோர் ஒருவர்தான் கைவிட்டுவிட்டார். இப்படி யோசித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. மகிழ்ச்சியில் சிலிர்த்தது. இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் அன்று நடந்தது அதுதான்.

எங்கள் குடும்பத்தில் காது போனதற்கு ஆளுக்கொரு கதை இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்து ரயில்வே குமாஸ்தாவாக வந்த அப்பாவின் தகப்பனாருக்கு மலேரியா. கொயினா மருந்து அதிகமாகிக் காது போனதாம். அப்பாவின் தங்கை, நாங்கள் மாமி என்று கூப்பிடுகிறவர், கெப்பாலா பத்தாஸில் இருக்கிறார். அவருக்குக் கோயில் திருவிழாவில் பக்கத்தில் வெடித்த பட்டாசு. அப்பாவுக்குக் கப்பல் சங்கு. துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருபது வருடம். கப்பல் ஊதும்போது மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வார்களாம். அப்பா சரக்குப் பட்டியலில் கண் வைத்திருப்பாராம். “ஒரு கையில பேனா, ஒரு கையில பேப்பர். காதைப் பொத்த மூணாவது கையா இருக்கு?” என்று கேட்பார். காது முழுக்கப் போனதும் முன்கூட்டியே ஓய்வு கொடுத்து அனுப்பிவிட்டார்கள். அப்பா அதைக் குறையாகச் சொல்லிக் கேட்டதில்லை. வேலைக்காகக் கொடுத்த காது என்பதில் அவருக்கு ஒரு மிடுக்கு இருந்தது. உறவினர் வீட்டுக் கல்யாணங்களில் சங்குக் கதையைக் கையை உயர்த்தி நடித்துக் காட்டுவார்.

கொயினா, பட்டாசு, கப்பல் சங்கு. மூன்றும் ஒரே ஆய்வுக்கூட மதியத்தில் ஒரே கோடாகிவிட்டன.

நான்காவதாக அக்கா இருந்தாள்.

அக்காவுக்கு இருபத்தாறு. புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையின் முன்மேசையில் தொலைபேசி எடுக்கிற வேலை. காலையில் தொழிற்சாலை பஸ் வந்து பாலம் வழியாகக் கூட்டிக்கொண்டு போகும். அவள் சிறு வயதிலிருந்தே ரிசீவரை வலது காதில்தான் வைப்பாள். ஒரு வருடமாக இடது காதுக்கு மாற்றியிருந்தாள். ஒருமுறை ஏன் என்று கேட்டேன். “வலது பக்கம் மெஷின் ஹால். அந்தச் சத்தத்துல காது களைச்சிடுது” என்றாள். அவளிடமும் ஒரு கதை தயாராகிக்கொண்டிருந்தது.

அந்த நேரத்தில்தான் அவளுக்கு ஒரு சம்பந்தம் வந்திருந்தது. மாப்பிள்ளை வீடு புக்கிட் மெர்தாஜாம். எங்களைப் போலவே யாழ்ப்பாண வழிக் குடும்பம். அவருடைய அப்பா அரசாங்க மருத்துவமனையில் டிரஸ்ஸராக, மருத்துவருக்கு உதவியாளாக இருந்து ஓய்வு பெற்றவர். மாப்பிள்ளைக்கு, அக்காவின் தொழிற்சாலைக்குப் பொருள் கொடுக்கும் கம்பெனியில் வேலை. முன்மேசையில் பார்த்துப் பேசி, பிறகு பெரியவர்கள் மூலமாகவே வந்து கேட்டவர். ஞாயிறு காலை பத்து மணிக்குத் தொலைபேசி அடிப்பார். அக்கா ஒன்பதே முக்காலுக்கு அதன் பக்கத்தில் போய், தூசி இல்லாத இடத்தில் தூசி தட்டிக்கொண்டிருப்பாள்.

புழுவைப் பார்த்த அன்று புதன்கிழமை. வீட்டுக்கு வந்ததும் ஒரு டிரேசிங் தாளில் எங்கள் வம்சத்தை வரைய ஆரம்பித்தேன். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம். காது போனவர்களுக்குக் கறுப்பு. கோடு போட்டு இணைக்க வேண்டும். பிறந்த ஆண்டுகள் தேவைப்பட்டன. அப்பா இரும்பு அலமாரியில் ஒரு பழுப்பு உறையில் எல்லோருடைய சாதகக் குறிப்புகளையும் வைத்திருப்பார். எடுத்துப் பார்த்து எழுதினேன். தாத்தா கறுப்பு. அப்பா கறுப்பு. மாமி கறுப்பு. அக்காவின் வட்டத்தில் பாதியைக் கறுப்பாக்கினேன். கொஞ்சம் யோசித்துவிட்டு மீதியையும் ஆக்கினேன். அதன் கீழே ஆங்கிலத்தில், தொடக்க நிலை என்று எழுதினேன். அவ்வளவு நிச்சயம் எனக்கு.

அம்மா சாப்பிடக் கூப்பிட்டார். தாளை மடித்துக் குறிப்புகளுக்கு நடுவில் செருகி உறையை அலமாரியில் வைத்தேன். சாப்பிட்டதும் எடுத்துக்கொள்ளலாம் என்றுதான் இருந்தேன். சாப்பிடும்போது தோழி தொலைபேசியில், தட்டுகளில் பூஞ்சை ஏறுகிறது, நாளைக் காலை ஏழுக்கே வந்து புழுக்களை மாற்றாவிட்டால் எல்லாம் போய்விடும் என்றாள். அதற்குப் பிறகு எனக்குப் பூஞ்சையைத் தவிர வேறு நினைப்பில்லை. அடுத்த இரண்டு நாளும் ஆய்வுக்கூடத்தில்தான் கிடந்தேன்.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். பெண்ணின் குறிப்பைக் கொடுத்து அனுப்பும் முன்னால், உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிச் சாமி படத்தின் முன்னால் ஒரு ராத்திரி வைப்பார்கள். மஞ்சள் தடவிய உறையை நாம் பிரிக்கக் கூடாது. மாப்பிள்ளை வீட்டார்தான் பிரிக்க வேண்டும். வியாழக்கிழமை மாலை அம்மா மற்றவர்களின் குறிப்புகளை உறையிலிருந்து எடுத்துவிட்டு அக்காவினுடையதை மட்டும் விட்டாராம். அக்காவின் குறிப்புத் தாளோடு ஒட்டிக்கொண்டு இருந்த மெல்லிய தாளை, குறிப்புக்கு மேல் வைத்துக் கொடுக்கிற பாதுகாப்புத் தாள் என்று நினைத்தாராம். வெள்ளிக்கிழமை அப்பா வெற்றிலை பாக்குத் தட்டோடு புக்கிட் மெர்தாஜாம் போய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

சனிக்கிழமை என் தாளைத் தேடினேன். அலமாரியில் உறையே இல்லை. அம்மாவிடம் கேட்டேன்.

“நேத்தே அப்பா கொண்டுபோய்க் குடுத்தாச்சே. உனக்கு எங்க ஞாபகம் இருக்கப் போகுது, புழுவோட குடித்தனம் நடத்துறவளுக்கு.”

அலமாரிக் கதவை மூடினேன். தாளைப் பற்றிச் சொல்லவில்லை. சதுரமும் வட்டமும் யாருக்குப் புரியும், ஏதோ கோலம் என்று எடுத்துப் போட்டுவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறுநாள் பத்து மணிக்கு மணி அடித்தது. அக்கா இடது காதில் ரிசீவரை வைத்து, சுவர்ப் பக்கம் திரும்பி நின்று பேசினாள். சிரித்தாள். அவர்கள் இன்னும் உறையைப் பிரிக்கவில்லை என்று எனக்குப் புரிந்தது. அவள் வைத்த பிறகாவது நான் போய்ச் சொல்லியிருக்கலாம். அவளும் என் பக்கம் திரும்பி ஏதோ சொல்ல வந்தவள்போல் நின்றாள். நான் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டேன்.

அந்த வியாழக்கிழமை மாப்பிள்ளையின் அப்பா தானே வந்தார். பழுப்பு உறை அவர் சட்டைப் பையில் இருந்து எட்டிப் பார்த்தது. அம்மா கோப்பி கொடுத்தார். முதல் தடவை வந்தபோது அவர் அப்பாவிடம் சாதாரணக் குரலில்தான் பேசினார். அப்பாவும் உதட்டைப் பார்த்து அழகாகப் பதில் சொன்னார். அன்று அவர் ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து உரக்கப் பேசினார்.

“குறிப்பு. பொருந்தலைங்க.”

அம்மா குறுக்கிட்டார். “எங்க ஐயர் பத்துக்கு எட்டுன்னு சொன்னாரே.”

“எங்க ஆள் வேற மாதிரி பாத்தார்மா. தப்பா எடுத்துக்காதீங்க.”

கோப்பியை முழுக்கக் குடித்துவிட்டு உறையை அப்பா பக்கம் வைத்தார். நல்ல மனிதர். எங்கள் முன்னால் அந்தத் தாளைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. எழுந்து படியிறங்கும்போது என்னைப் பார்த்து, “யூனிவர்சிட்டில படிக்கிற பிள்ளை நீங்கதானா?” என்றார். ஆமாம் என்றேன். தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். நாற்பது வருடம் மருத்துவமனையில் இருந்தவருக்குச் சதுரமும் வட்டமும் கோலமாகத் தெரியுமா?

அப்பா உறையைப் பிரித்தார். குறிப்பை ஒரு பக்கம் வைத்துவிட்டு மெல்லிய தாளைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்தார். சரக்குப் பட்டியல்கள் பார்த்துப் பழகிய கண். கோடுகளை விரலால் மேலிருந்து கீழே தொடர்ந்து வந்தார்.

அவருக்குத் தன் குரலின் அளவு தெரியாது. எப்போதும் சற்று உரத்துத்தான் பேசுவார். அன்று மட்டும் எப்படியோ, நான் பக்கத்தில் குனிந்து கேட்க வேண்டிய அளவுக்குத் தாழ்ந்திருந்தது.

“இந்தக் கறுப்புக் கட்டம் நானா பிள்ளை?”

தலையாட்டினேன்.

“இந்தக் கோடு?”

“உங்ககிட்டேருந்து அக்காவுக்குப் போறது.”

“அப்ப சங்கு இல்ல.”

எதைச் சொன்னாலும் அவர் என் உதட்டில் படித்திருப்பார். அதனால் உதட்டை மூடிக்கொண்டு நின்றேன். அவர் தாளை அது எப்படி மடிக்கப்பட்டிருந்ததோ அதே மடிப்பில் மடித்து என் கையில் கொடுத்தார். நாற்காலியைத் தெருப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார்.

அந்த ஞாயிறும் பத்து மணிக்கு மணி அடித்தது. அடிக்கும் என்று யாருமே நினைக்கவில்லை. அக்கா எடுத்தாள். வலது காதில் வைத்தாள், பிறகு இடது காதுக்கு மாற்றினாள். எனக்குக் கேட்டது அவள் பக்கம் மட்டும்தான்.

“ம். உண்மைதான்… இல்ல, மறைக்கணும்னு இல்ல… இன்னும் டெஸ்ட் எதுவும் பண்ணல… தெரியாது… கொஞ்சம் சத்தமா சொல்றீங்களா?”

அதைச் சொன்னதும் அவளே கண்ணை மூடிக்கொண்டாள். பிறகு நீண்ட நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள். “சரி” என்றாள். ரிசீவரை வைத்துவிட்டு நிஜமாகவே தூசி படிந்திருந்த அலமாரியைத் துடைக்க ஆரம்பித்தாள்.

என்னோடு அவள் பேச ஒரு வாரமானது. பின்கட்டில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நான் வாளியைப் பிடித்துக்கொண்டு அவளுடைய இடது பக்கம் போய் நின்றேன். அதை அவள் கவனித்துவிட்டாள்.

“பக்கம் பாத்து நிக்கக் கத்துக்கிட்டியா?”

“அக்கா, மன்னிச்சிடு.”

“நானே சொல்லணும்னு இருந்தேன் தெரியுமா? அவங்கப்பா வர்றதுக்கு முந்தின ஞாயிறே போன்ல அவரை கோயிலுக்கு வரச் சொன்னேன். அடுத்த ஞாயிறு. நேர்ல பாத்து, எனக்கு வலது காது சரியா கேக்கலைன்னு சொல்லணும். நாலு நாளா கண்ணாடி முன்னாடி நின்னு ஒத்திகை பாத்தேன். அவர் ஓடிப்போயிருந்தாலும் பரவால்ல. நான் சொல்லி ஓடியிருப்பார்.” சட்டையை உதறினாள். “நீ படம் போட்டு அனுப்பிட்டே.”

வாளியிலிருந்து அடுத்த துணியை எடுத்து நீட்டினேன்.

“அந்தப் படத்தக் கொண்டா.”

கொண்டுவந்தேன். ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு வாங்கிப் பார்த்தாள்.

“புழுவுல இருக்கிறதும் என் காதுல இருக்கிறதும் ஒண்ணுங்கிற. சரி. நம்ம வீட்ல கெட்டுப்போனது அதுதான்னு யார் பாத்தா?”

“அந்தக் கட்டுரைல…”

“கட்டுரை யாரோட குடும்பம்? நம்ம ரத்தத்த எடுத்துப் பாத்தாங்களா?”

“இல்ல.”

“அப்ப தெரியாது. தெரியாமலே எனக்குக் கறுப்பு அடிச்சிருக்கே.” தாளின் மூலையில் விரலை வைத்தாள். “இது யாரு?”

“நான்.”

“உன் வட்டம் மட்டும் ஏன் வெள்ளையா இருக்கு?”

அவள் குத்திக்காட்டக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டாள். எனக்கு இருபத்திரண்டு வயது. அக்காவுக்கு எத்தனை பங்கு வாய்ப்போ எனக்கும் அதே பங்குதான். புழுவைத் தடவிய நாளிலிருந்து ஒரு தடவைகூட அந்தக் கணக்கை என்மேல் நான் போட்டுப் பார்க்கவில்லை என்பது அந்த வாளியின் பக்கத்தில் நின்றபோதுதான் தெரிந்தது.

மறுநாள் என் விரிவுரையாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் சொன்னதும் அக்கா சொன்னதுதான், வேறு சொற்களில். பழுதானால் காதைக் கெடுக்கக்கூடிய மரபணுக்கள் எத்தனையோ. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக வருவதைப் பார்த்தால் மரபு என்று சந்தேகப்படலாம். எந்த மரபணு என்று வரைபடம் சொல்லாது. முதலில் எல்லோருக்கும் கேட்கும் திறன் சோதனை. பிறகு ரத்தம். வெளிநாட்டில் தனக்குத் தெரிந்த ஆய்வகத்துக்கு அனுப்பிக் கேட்டுப் பார்க்கலாம். பதில் வர மாதக் கணக்காகலாம், வராமலும் போகலாம். வந்தாலும் மருந்து இல்லை. “வீட்டில் கேட்டுக்கொண்டு வா” என்றார். கேட்காமல் செய்ததை அவர் சொல்லிக்காட்டவில்லை.

அக்காவிடம் வந்து எல்லாவற்றையும் ஒன்றுவிடாமல் சொன்னேன். மருந்து இல்லை என்பதையும்.

“செய்யலாம்” என்றாள்.

“எதுக்கு அக்கா? ஒண்ணும் மாறப் போறதில்லையே.”

“இனிமே யாராவது வந்தா நானே சொல்லணும். ஊகமா இல்ல. இதுதான், இப்படித்தான்னு சொல்லணும். இல்ல, இது அது இல்லைன்னு தெரிஞ்சாலும் அதையும் நானே சொல்லணும்.” பிறகு விரலை நீட்டினாள். “ஆனா புதுசா வரை. எல்லாம் வெள்ளை. யாருக்குக் கறுப்பு அடிக்கணுமோ அவங்களே அடிக்கட்டும்.”

வரைந்துவிட்டேன். எல்லாம் வெள்ளைச் சதுரங்கள், வெள்ளை வட்டங்கள். செவ்வாய்க்கிழமை பெரியாஸ்பத்திரி காதுப் பிரிவில் எனக்கும் அக்காவுக்கும் ஒரே நேரம் கொடுத்திருக்கிறார்கள். சனிக்கிழமை கெப்பாலா பத்தாஸுக்கு பஸ் ஏறி மாமியைப் பார்த்துக் கேட்க வேண்டும். பட்டாசுக் கதையை மாமி விட்டுக்கொடுப்பாரா தெரியாது. விட்டுக்கொடுக்கச் சொல்லிக் கேட்கப் போவதில்லை. ஒரு ஊசி ரத்தம் மட்டும் தருவீர்களா என்று கேட்கப் போகிறேன். புழுவிலும் ஈயிலும் எலியிலும் இத்தனை கோடி ஆண்டு அழியாமல் வந்த ஒன்று, எங்கள் வீட்டில் எந்த இடத்தில் ஒரு எழுத்து மாறிப்போனது என்று பார்க்க ஆசையாகத்தான் இருக்கிறது. அந்த ஆசை இன்னும் போகவில்லை. அதைச் சொல்லாமல் விட்டால் பொய்யாகிவிடும்.

ஆனால் இதற்கெல்லாம் முன்னால் அப்பா இருக்கிறார். தாத்தா உயிரோடு இல்லை, அப்பாவின் ரத்தம் இல்லாமல் கோடு தொடங்காது.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு அப்பா திரும்புவதில்லை. அம்மா சாப்பாட்டு நேரத்தில் மிதிக்கிறார், அப்பா தெருவையே பார்த்துக்கொண்டிருக்கிறார். முதல் இரண்டு நாள் அம்மா பயந்துபோய், “கால்ல உணர்ச்சியும் போச்சா?” என்று கேட்டார். கீழே கடைக்காரர்கூட, “என்ன அக்கா, குதிரைக்குக் கோவமா, ரொம்ப மிதிக்குது” என்று கேட்டுவிட்டு, அம்மாவின் முகத்தைப் பார்த்துப் பேசாமல் போனார். நேற்று நான் சமையல் கட்டு வாசலில் நின்று, மெதுவாக, ஒரே ஒரு முறை குதிகாலை வைத்தேன். அவருடைய வலது கால் பெருவிரல் அசைந்தது. அவருக்குத் தெரிகிறது. முடி பட்டும் நகராத அந்தப் புழு, தெரியாததால் நகரவில்லை. அப்பா தெரிந்தும் திரும்பவில்லை.

கல்யாண வீடுகளில் கையை உயர்த்திச் சங்கு ஊதிக் காட்டியவர். அந்தக் கதையை நான்தான் எடுத்துக்கொண்டேன். அதற்குப் பதிலாக அவருக்கு நான் கொடுத்தது மகளின் வட்டத்துக்குப் போகும் ஒரு கோடு.

நாளைக் காலை அக்கா வேலைக்குக் கிளம்பும் முன்னால், நானும் அவளும் தரையை மிதிக்கப் போவதில்லை. நாற்காலியைச் சுற்றிக்கொண்டு போய், அவருக்கும் சன்னலுக்கும் நடுவில் இருக்கும் கொஞ்ச இடத்தில் உட்காரப் போகிறோம். வெள்ளைத் தாளை அவர் மடியில் வைப்பேன். ரத்தத்தைப் பற்றி நாளைக்கே கேட்கப் போவதில்லை. துறைமுகத்தில் உண்மையிலேயே எவ்வளவு சத்தம் இருந்தது, எந்த வருடத்தில் எந்தக் காது முதலில் மங்கியது என்று அவரைச் சொல்லச் சொல்லி, அவர் சொல்கிறபடி எழுதிக்கொள்ளப் போகிறேன். சங்கையும் எழுதுவேன். அது காரணம் இல்லை என்று இன்னும் யாரும் நிரூபிக்கவில்லை.

அவருடைய கட்டத்துக்காகப் பென்சிலை இரண்டு பக்கமும் சீவி வைத்திருக்கிறேன். அதை அவர் கையில்தான் கொடுக்கப் போகிறேன்.